ஒருவர் வீட்டுப் பாத்திரம்

இது நடந்த வரிசை எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்பது சந்தேகம்தான். மையத்தில் மாலை போட்டது முதலிலா, செத்தவர்களுக்கு நோட்டீஸ் போனது முதலிலா என்று கேட்டால் தடுமாறுவேன். சேவுகப்பெருமாளிடமே கேட்டுப் பார்த்தாயிற்று. அவன், "எல்லாமே முதல்லதான் நடந்துச்சு" என்றான். ஆகவே சொல்வதற்கு வசதியான வரிசையில் சொல்கிறேன். நடந்ததில் எதையும் கூட்டவில்லை. கூட்டுவதற்கு இடமே இருக்கவில்லை.

காரைக்குடியில் செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் சேவுகப்பெருமாளின் பாத்திரக் கடை இருக்கிறது. பாத்திரம் விற்பதைவிடப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுதான் அவனுக்குப் பிழைப்பு. இந்த வட்டாரத்துச் செட்டியார் வீடுகளில் கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான் ஒவ்வொன்றிலும் விலாசம் வெட்டியிருக்க வேண்டும். விலாசம் என்றால் கதவு எண்ணும் தெருவும் அல்ல. கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா ஆகியோரின் பெயர்களுக்கு முதலெழுத்துகள், கடைசியில் பெண்ணின் பெயர். அண்டாவிலிருந்து கரண்டிக் காம்பு வரைக்கும் இது உண்டு. கல்யாணத்தன்று அத்தனையையும் வீட்டின் உள்முற்றமான வளவில் பரப்பி வைப்பார்கள். சம்பந்தி வீட்டு உறவுகள் குனிந்து குனிந்து படித்துக்கொண்டே போவார்கள். பாட்டுக் கச்சேரிக்குக்கூட அவ்வளவு கவனம் கிடைக்காது.

இப்போது அந்த வீடுகளின் பெண்கள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். "வெப்சைட் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, இல்லையென்றதும் போனை வைத்துவிடுகிறார்கள். சேவுகப்பெருமாளின் மனைவி சத்தியப்பிரியா ஒரு முடிவோடு வந்து நின்றாள்.

"இங்க பாருங்க. பொங்கலுக்குள்ள உங்க வெப்சைட்டு ஓடணும். ஓடலைன்னா கடையைப் பூட்டிட்டு திருப்பூர்ல எங்க அண்ணன்கிட்டப் போறோம். குடோன் சூப்பர்வைசர் வேலை காலியா இருக்காம்."

"உங்க அண்ணன்கிட்டயா?"

"ஏன், அவுக ஒங்களைக் கடிச்சா வச்சுருவாக?"

அந்த அண்ணன் மருதுபாண்டி கடிப்பவன் அல்ல. வாய் நிறைய "மாப்ளே" என்று கூப்பிட்டு, லாரியிலிருந்து மூட்டையை இறக்கச் சொல்லும் அளவுக்கு நல்லவன். அந்த நல்ல தன்மைக்குத்தான் சேவுகப்பெருமாள் பயந்தான். சொந்தக் கடையில் ஈ ஓட்டுவதற்கும் மச்சானின் குடோனில் மரியாதையோடு நிற்பதற்கும் நடுவில் அந்த வெப்சைட் ஒன்றுதான் இருந்தது.

சித்தப்பா மகன் கோபிநாத் வெப்சைட்டைக் கட்டிக் கொடுத்தான். படம் வந்தது, விலை வந்தது, பணம் கட்டும் இடம் மட்டும் வரவில்லை. பணம் வாங்கித் தரும் கம்பெனி, விதிமுறைப் பக்கமும் தனியுரிமைக் கொள்கைப் பக்கமும் இருந்தால்தான் திறந்துவிடுவோம் என்றது. கோபிநாத் கவலைப்படவில்லை. ஏதோ ஒரு பாரம்பரிய ஓட்டலின் விதிமுறைகளை அப்படியே எடுத்து, 'விருந்தினர்' என்று வந்த இடத்தில் எல்லாம் 'பாத்திரம்' என்று மாற்றிப் போட்டுவிட்டான்.

சேவுகப்பெருமாள் அதைப் படித்தான். "பாத்திரங்கள் காலை பதினொரு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். மது அருந்திய பாத்திரங்கள் நீச்சல்குளத்தில் இறங்கக் கூடாது. திருமணமாகாத பாத்திரங்கள் ஒரே அறையில் தங்க அனுமதியில்லை."

"ஏன்டா, இதை நீ படிச்சியா?"

"யாருண்ணே இதெல்லாம் படிக்கிறா?"

கம்பெனியும் படிக்கவில்லை. வாசகம் வேறொரு நிறுவனத்தின் வாசகத்தோடு ஒத்துப்போவதாக மட்டும் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டது. சொந்தமாக எழுதி வாங்க வேண்டும். வக்கீல்களிடம் விசாரித்தான். அவர்கள் சொன்ன தொகைக்குக் கடையையே எழுதிக் கொடுத்துவிடலாம் போலிருந்தது. அப்போதுதான் மானகிரி போகிற வழியில் அந்தப் பலகையைப் பார்த்தான்: 'இணைய வணிகச் சட்டவாசக நல மையம். குறைந்த செலவில் நிறைந்த சட்டம்.'

மையம் ஒரு பெரிய வீட்டின் பாதியில் இயங்கியது. வாசலில் உட்கார்ந்திருந்த ஊழியர் அவனை நிறுத்தி, மையத்துக்குள் நுழைவதற்கான தனியுரிமைக் கொள்கையை நீட்டினார். அதற்குச் சம்மதித்தால்தான் உள்ளே போகலாம். சம்மதிக்கக் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் கையெழுத்தில் பெயர் தெரியக் கூடாது. சேவுகப்பெருமாள் ஒரு கோடு போட்டான். "கொஞ்சம் பேர் மாதிரி தெரியுது" என்று சொல்லி ஊழியர் இன்னொரு தாள் கொடுத்தார்.

உள்ளே கூடத்தில் ஆறேழு பேர் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஊழியர் வந்து, "ஒருவர் வரலாம்" என்றார். எல்லோரும் எழுந்தார்கள்.

"எல்லாரும் உக்காருங்க. ஒருத்தரைத்தான் கூப்பிட்டேன்."

"யாரைங்க?"

"அதைச் சொல்லக் கூடாதுல்ல?"

எல்லோரும் உட்கார்ந்தார்கள். மறுபடியும் "ஒருவர் வரலாம்" என்றார். இந்த முறை யாரும் எழவில்லை. "கூப்பிட்டா வர மாட்டேங்கிறீக, அப்புறம் மையத்தைக் குறை சொல்றீக" என்று ஊழியர் வருத்தப்பட்டார். ஊறுகாய்க் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாள், தான் போன மாதத்திலிருந்து வந்து எழுந்து எழுந்து உட்கார்வதாகவும், மூட்டுவலிகூடக் குறைந்துவிட்டதாகவும் சொன்னாள். சேவுகப்பெருமாள் எழுந்திருக்கும் பழக்கமில்லாதவன். எங்கே போனாலும் சும்மா உட்கார்ந்திருப்பான். மற்றவர்கள் எழுந்து நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவன் மட்டும் உட்கார்ந்திருந்ததால், ஊழியர் அவனைத்தான் பொறுமையானவன் என்று உள்ளே அனுப்பினார்.

மையத்தின் தலைவர் வெங்கட்ராமன் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கைகூப்பி வரவேற்று உட்காரச் சொன்னார்.

"தனியுரிமைன்னா என்ன தம்பி? அடுத்தவன் சமாச்சாரம் நமக்கெதுக்குங்கிறது. நம்ம சனத்துக்கு அதுதான் தெரியலை. ஆளைப் பாத்த உடனே ஊரு, பேருன்னு நோண்ட ஆரம்பிச்சுர்றது. சரி, நீங்க எந்த ஊரு?"

"பூர்வீகம் கீழச்சிவல்பட்டிங்கய்யா."

"யாரு மகன்?"

சொன்னான்.

"அட! உங்க சித்தப்பாதானே சம்சாரத்தோட கோவிச்சுக்கிட்டு காளையார்கோவில்ல தனியாப் பொங்கிச் சாப்பிடுறாரு?"

"ஆமாங்கய்யா."

"பாத்தீகளா? இப்படி யாரும் யாரையும் கேக்கக் கூடாதுங்கிறதுக்குத்தான் இந்த மையம். நேத்துக்கூட ஒரு ஜவுளிக்காரர் வந்தாரு. ஆளு யாருன்னு நான் சொல்ல மாட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல, மாடியில கடை, இடது கண்ணு கொஞ்சம் மாறுகண்ணு. அவரு மருமகளோட செயினை அடகு வச்சுத்தான் வெப்சைட்டே ஆரம்பிச்சுருக்காரு. இது வெளிய போனா என்ன ஆகும்? எங்கிட்ட இருக்கவே பத்திரமா இருக்கு."

பிறகு கட்டண விவரத்துக்கு வந்தார். மூன்று தரங்கள் இருந்தன. யாருக்குமே புரியாத வாசகம்தான் இருப்பதிலேயே மலிவு. வக்கீலுக்கு மட்டும் புரிவது நடுத்தரம். எல்லோருக்கும் புரிவது உயர்தரம்.

"அந்த மூணாவது என்ன விலைங்கய்யா?"

வெங்கட்ராமன் குரலைத் தாழ்த்தினார். "பட்டியல்ல இருக்கே தவிர இதுவரைக்கும் யாருக்கும் கொடுத்ததில்லை. அப்படி எழுதத் தெரிஞ்ச ஆளு கிடைக்கலை. நீங்க மலிவையே எடுத்துக்கங்க. புரிஞ்சாத்தானே கேஸ் போடுவான்?"

சேவுகப்பெருமாளுக்கு அது நியாயமாகவே பட்டது. மலிவையே எடுத்துக்கொண்டான்.

வாசகம் எழுதும் அதிகாரி சௌபர்ணிகா. இளவயது, கெட்டிக்காரி. சட்டத்தின் மீது பக்தி உள்ளவர். வாடிக்கையாளரிடமிருந்து என்ன தகவல் வாங்குகிறான் என்று கேட்டார். விலாசம் என்றான். என்ன விலாசம் என்றார். ஒரு தாளில் மாதிரிக்கு எழுதிக் காட்டினான். அந்த வாரம்தான் உமையாள் ஆச்சி தன் மகள் கல்யாணத்துக்கு ஆர்டர் பேசியிருந்தார். மகள் கீர்த்தி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். வெப்சைட்டில்தான் வாங்குவேன் என்று அந்தப் பெண் பிடிவாதமாக இருந்தாள். 'மெ.அரு.சொ. கீர்த்தி' என்று எழுதினான். அந்த ஒரு ஆர்டர் வந்தால் சத்தியப்பிரியா திருப்பூர்ப் பேச்சை விட்டுவிடுவாள்.

"இந்த மெ யாரு?"

"கொள்ளுத்தாத்தாங்க. மெய்யப்பன்."

"அரு?"

"தாத்தா. அருணாசலம்."

"சொ?"

"பொண்ணோட அப்பா. சொக்கலிங்கம்."

"அப்ப இது கீர்த்தியோட தகவல் மட்டும் இல்லை. இன்னும் மூணு பேரோட தகவல். அவங்க மூணு பேரோட சம்மதமும் வேணும்."

"மூணு பேருமே தவறிப்போயிட்டாகம்மா."

"அது அவங்க சொந்த விஷயம். அதுக்குள்ள நாம போகக் கூடாது. சம்மதம் வேணும்."

"சட்டத்துல அப்படி இருக்குங்களா?"

"எழுத்துல இல்லை" என்றார் சௌபர்ணிகா. "ஆன்மாவுல இருக்கு."

சேவுகப்பெருமாள் நெடுநேரம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மௌனத்தை அவர் எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். அவர்கள் கடைசியாகக் குடியிருந்த முகவரியில் நோட்டீஸ் கொடுக்கலாம். குறித்த கெடுவுக்குள் மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளப்படும்.

அவன் நோட்டீஸை எடுத்துக்கொண்டு உமையாள் ஆச்சி வீட்டுக்குப் போனான். ஆச்சிக்கு ஐம்பது வயதிருக்கும். சமையல்காரரிடம் கல்யாணச் சமையலுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். விதிப்படி நோட்டீஸை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். சேவுகப்பெருமாள் முகப்பில் நின்றுகொண்டு, சுவரில் மாலையோடு இருந்த மூன்று படங்களைப் பார்த்து வாசித்தான். சமையல்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பயபக்தியோடு கேட்டார்.

"என்னய்யா இது, சாவு வீட்டுக்குத் துட்டி கேக்க வந்த மாதிரி நிக்கிறே?" என்றார் ஆச்சி.

விஷயத்தைச் சொன்னான். பதில் வராவிட்டால் சம்மதம் என்று அர்த்தமாம் என்றும் சொன்னான். ஆச்சி விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்க மாமனார் பதில் சொல்லலைன்னா சம்மதமா? நல்ல கூத்தா இருக்கே! அவுக உசுரோட இருக்கையிலேயே எதுக்கும் சம்மதம்னு சொன்னதில்லை. பேசாம இருந்தாகன்னா மாட்டேன்னு அர்த்தம். வீட்ல பூனைக்குக்கூட அது தெரியும்."

இங்கேதான் சேவுகப்பெருமாள் அந்தத் தப்பைச் செய்தான். வேறு ஊர்க்காரன் யாரும் செய்திருக்க மாட்டான். இந்த ஊரில் பெரிய வீட்டு மனிதர்களின் மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டுதான் கடன் கேட்பார்கள், பெண் கேட்பார்கள், வேலை கேட்பார்கள். அருணாசலம் செட்டியாரின் மௌனத்தைச் சம்மதம் என்று போய்ச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஆச்சி சொன்னதை அப்படியே சௌபர்ணிகாவிடம் சொன்னான்.

அவர் முகம் மலர்ந்தது. மையத்தின் வரலாற்றிலேயே முதல்முறையாக ஒரு மறுப்பு வந்திருக்கிறது. 'தாத்தா ஆட்சேபணை' என்று பதிவு செய்தார். ஒருவர் ஆட்சேபித்தால் விலாசம் முழுவதும் நின்றுவிடும். அத்தோடு, அழிக்கும் உரிமை என்று இன்னொன்றும் இருந்தது. யார் எப்போது கேட்டாலும் அவருடைய பெயரை நீக்கித் தர வேண்டும்.

"வெட்டுனதை எப்படிம்மா அழிக்கிறது?"

"சாக்பீஸ்ல எழுதலாமே?"

"சாம்பார் ஊத்துனா போயிருமேம்மா."

"போனா நல்லதுதானே. தகவல் தேவையில்லாம தங்கக் கூடாது."

பேச்சு பல சுற்று நடந்தது. கடைசியில் சௌபர்ணிகாவே ஒரு சமரசத்தைக் கண்டுபிடித்தார். பாத்திரத்தில் ஏதாவது வெட்டத்தான் வேண்டும் என்றால், யாரையும் காட்டிக்கொடுக்காத, யாரும் ஆட்சேபிக்க முடியாத, அழிக்கவும் அவசியமில்லாத ஒரு பெயரை வெட்டிக்கொள்ளலாம். 'ஒருவர்.'

கொள்கை வழங்கும் விழா வைத்தார்கள். தாள்களைப் பட்டுத்துணியில் சுற்றித் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார்கள். சேவுகப்பெருமாளுக்கு மாலை போட்டார்கள். வெங்கட்ராமன் மேடைத் தமிழில் பேசினார்.

"நண்பர்களே! பெயர் என்பது என்ன? அது ஒரு பலவீனம். இன்று ஒரு பாத்திர வணிகர், யாருடைய பெயரையும் தெரிந்துகொள்ளாமலே பெயர் வெட்டித் தரப்போகிறார். இதனால் வாடிக்கையாளருக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கிறார்கள். வாடிக்கையாளருக்காகவா சட்டம் எழுதுகிறோம்? சட்டத்துக்குத் தகுதியான வாடிக்கையாளர் ஒருநாள் வருவார். அதுவரை மையம் காத்திருக்கும், வாடகையை மட்டும் யாராவது கொடுத்தால் போதும்."

கை தட்டினார்கள். புகைப்படம் எடுத்தார்கள். தனியுரிமையை முன்னிட்டுச் சேவுகப்பெருமாளின் முகத்தை மட்டும் மங்கலாக்கிச் சுவரில் மாட்டினார்கள். மாலை தெளிவாகத் தெரிந்தது.

கோபிநாத் பக்கத்தை ஏற்றிய கொஞ்ச நேரத்தில் பணம் கட்டும் இடம் திறந்துவிட்டது. "அங்க படிக்கிற ஆளே இல்லைண்ணே. பக்கம் இருக்கா, வேற எதையும் பாத்து அடிச்சதா, இதை மட்டும் பாக்குற மிஷினு" என்றான். சத்தியப்பிரியா அன்று கேசரி கிண்டினாள். அண்ணனிடம் போனில், "பாப்போம்ண்ணே, இவுகளுக்கு இங்கயே ஏதோ கூடி வருது" என்றாள். இரண்டொரு நாளில் கீர்த்தியின் ஆர்டரும் வந்து சேர்ந்தது.

பெட்டியில் கட்டுமுன் ஒவ்வொரு பாத்திரத்தையும் மையத்தில் காட்டி முத்திரை வாங்க வேண்டும் என்பது கொள்கையில் ஒரு வரி. சேவுகப்பெருமாள் எல்லாவற்றிலும் 'ஒருவர்' என்று வெட்டினான். சொல்லிவிடலாம் என்று ஆச்சிக்குப் போன் செய்தான். "எல்லாம் அவ வெப்சைட்ல பாத்துக்கிட்டாளாம்யா, எனக்குப் பந்தல்காரன் காத்திருக்கான்" என்று ஆச்சி வைத்துவிட்டார். முத்திரை ஒட்டிய பெட்டிகள் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

கல்யாணத்தன்று காலையில் வளவில் சாமான் பரப்பினார்கள். மாப்பிள்ளையின் அத்தை முதல் வரிசையிலிருந்து குனிந்து படித்துக்கொண்டு வந்தார்.

"ஒருவர்... ஒருவர்... இதுலயும் ஒருவர். ஏன்டி, யாருடி அது ஒருவர்?"

கூட்டத்தில் ஒரு பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "நம்ம பையனுக்கு முந்திப் பேசி வச்சிருந்தவரோ என்னமோ" என்றாள்.

ஒரு நொடியில் வளவு அமைதியாகிவிட்டது. நாதஸ்வரக்காரர்கூட ஏதோ நடக்கிறது என்று நிறுத்திவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா கரண்டி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சேவுகப்பெருமாளுக்கு ஆள் போனது. அவன் வந்தபோது உமையாள் ஆச்சி கையில் ஒரு தூக்குவாளியோடு நின்றிருந்தார்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்கே?"

"வெப்சைட்ல போட்டிருந்துச்சு ஆச்சி. கீர்த்தி சம்மதம்னு அமுக்கியிருக்காக."

"அமுக்காம அடுத்த பக்கம் எப்படிங்க போறது?" என்றாள் மாலையும் கழுத்துமாக வந்து நின்ற கீர்த்தி.

ஆச்சி குரலை உயர்த்தவில்லை. "இங்க பாரு சேவுகப்பெருமாளு. எதுக்காகப் பேர் வெட்டுறோம்? அழகுக்கா? நாளைக்கு ஒண்ணுன்னு ஆகி எம் மக தனியா நின்னா, இது என்னுதுன்னு எதைக் காட்டிக் கேப்பா? ஒன் கொள்கையையா?"

மாப்பிள்ளை வீட்டு உறவில் ஒருவராகச் சௌபர்ணிகாவும் பட்டுப்புடவையில் அங்கே நின்றிருந்தார். சேவுகப்பெருமாள் அவரைப் பார்த்தான்.

"பேர் வெட்டினீங்கன்னா இந்த நிமிஷமே கொள்கை ரத்து" என்றார் அவர். "கல்யாணத்துக்கு வந்த இடத்துல சொல்றேனேன்னு நினைக்காதீங்க."

கொள்கை ரத்தானால் பக்கம் போகும், பக்கம் போனால் கடை போகும். திருப்பூர்க் குடோன் அவன் கண்முன் வந்தது. மருதுபாண்டி "வாங்க மாப்ளே" என்று லாரியைக் காட்டினான். சேவுகப்பெருமாள் பேசாமல் நின்றான். எவ்வளவு நேரம் என்று அவனுக்கே தெரியாது. எல்லோரும் அவன் மௌனத்துக்கு அர்த்தம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு, "பிளக் எங்குட்டு இருக்கு ஆச்சி?" என்றான்.

கடையிலிருந்து பெயர் வெட்டும் மெஷினைக் கொண்டுவரச் செய்து, வளவின் ஒரு மூலையில் உட்கார்ந்தான். 'ஒருவர்' என்பதை அழிக்க முடியாது. அதற்குக் கீழே 'மெ.அரு.சொ. கீர்த்தி' என்று வெட்டினான். நாதஸ்வரம் மறுபடியும் தொடங்கியது. மெஷினின் கிர்ரென்ற சத்தம் அதன்மேல் ஏறி நின்றது. மாப்பிள்ளையின் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றும் முடிய முடிய வாங்கிப் படித்து, சரி சரி என்று தலையாட்டி அடுக்கினார். தாலி கட்டும்போது கெட்டிமேளத்துக்காக மட்டும் மெஷினை நிறுத்தினான். சௌபர்ணிகா பந்தியில் சாப்பிட்டு, தாம்பூலம் வாங்கிக்கொண்டு போய்த்தான் ரத்துக் கடிதத்தை எழுதினார்.

கடிதம் வந்ததும் கொள்கைப் பக்கத்தின் குறுக்கே சிவப்பில் 'ரத்து' என்று போடும்படி மையம் உத்தரவிட்டது. கோபிநாத் போட்டான். கம்பெனியின் மிஷின் வந்து பார்த்தது. பக்கம் இருந்தது. வேறெங்கும் அதுபோல ஒன்று இல்லை. திருப்தியோடு போய்விட்டது. பணம் கட்டும் இடம் மூடவில்லை.

சேவுகப்பெருமாள் திருப்பூர் போகவில்லை. இன்றும் ரத்தான கொள்கையோடு வியாபாரம் செய்கிறான், கேட்கிற விலாசத்தை வெட்டிக் கொடுக்கிறான். சத்தியப்பிரியா மதியம் கடையில் இருந்து ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிறாள். மருதுபாண்டி வேறொரு சூப்பர்வைசரைச் சேர்த்துவிட்டான். மூட்டை இறக்கச் சொன்னால் அவன் முகம் சுளிப்பதில்லையாம். கோபிநாத் ஊறுகாய்க்கார அம்மாளுக்கு வெப்சைட் கட்டிக்கொண்டிருக்கிறான். அந்த அம்மாள் மையத்துக்குப் போவதை விட்டுவிட்டாள். மூட்டுவலி திரும்ப வந்துவிட்டது. சௌபர்ணிகா சென்னையில் பெரிய நிறுவனம் ஒன்றில் சேர்ந்து நல்ல பெயரெடுத்திருக்கிறார். வெங்கட்ராமன் மையத்துக்கு இரண்டாவது கிளை திறந்திருக்கிறார். எந்த ஊரில் என்று சொல்ல மறுக்கிறார். உமையாள் ஆச்சி நலம். கீர்த்தி சிங்கப்பூரில் புருஷனோடு குடித்தனம் நடத்துகிறாள். அடுத்த வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்பிய தூக்கு, பெயர் இருந்ததால் திரும்பி வந்துவிட்டதாம்.